இருப்பில் சேராத தகடு

வடசென்னை சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் சுகிர்தம் ஸ்டீல்ஸ் யார்டுக்கு வந்துபோகிற லாரிக்காரர்கள் எல்லோருக்கும் எழில்மொழியைத் தெரியும். கேட்டை ஒட்டிய தகரக் கூரை அறையில், மின்விசிறிக் காற்றுக்குப் படபடக்கிற தாள்கள்மேல் நட்டையும் போல்ட்டையும் பாரம் வைத்துக்கொண்டு, எட்டு வருஷமாக அவள்தான் இருப்புப் புத்தகம் எழுதிவந்தாள். எந்த அடுக்கில் எத்தனை தகடு, எது எந்த மில்லிலிருந்து வந்தது என்று கேட்டால் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லுவாள். ஆனால் யார்டின் வடக்கு மூலையில், தூங்குமூஞ்சி மரத்தடியில் கிடந்த ஒரு தகட்டை மட்டும் அவள் ஒரு வருஷமும் எழுதியதில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

அது அவள் அப்பா கோதண்டத்தைக் கொன்ற தகடு.

இருபது எம்.எம். கனம், இருபதடி நீளம், எட்டடி அகலம், கிட்டத்தட்ட இரண்டரை டன். கோதண்டம் அந்த யார்டில் இரும்புக்குச் சங்கிலி மாட்டுகிறவர். தகட்டின் விளிம்பில் கிளாம்ப்பைக் கடிக்கவைத்து, மேலே கிரேனில் இருப்பவருக்குத் தூக்கு, நிறுத்து, இறக்கு என்று கையால் சொல்லுவது அவர் வேலை. ஒரு ஜூன் மாதத்துப் பிற்பகலில் அந்தத் தகடு கிளாம்ப்பிலிருந்து நழுவி அவர்மேல் விழுந்தது. பிடி சரியாக விழாதபோதே தூக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டார், தானும் பக்கத்திலேயே நின்றுவிட்டார் என்று காவல் நிலையத்தில் எழுதி வழக்கை முடித்தார்கள். யார்டில் எல்லோரும் அண்ணாச்சி என்கிற முதலாளி ராசையா, எழில்மொழியைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். தகட்டை வாங்க எந்த வியாபாரியும் வரவில்லை. வந்தாலும் ஏற்றிவிட ஆள் வரமாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்ததால் மூலையில் போட்டுவைக்கச் சொல்லிவிட்டார். அந்த வருஷக் கணக்கிலேயே அந்த இரண்டரை டன்னைத் துருக் கழிவு என்று எழுதித் தள்ளினார்கள்.

அமாவாசைக்கு அதன்மேல் யாரோ கற்பூரம் ஏற்றுவார்கள். யாரென்று யாரும் கேட்பதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நிழல் தேடுகிற லோடுமேன்கள் அந்த மரத்தைத் தவிர்த்துவிட்டு வெந்துகிடக்கும் காம்பவுண்டுச் சுவரோரம் உட்காருவார்கள். வெயில் ஏறுகிற பதினோரு மணிக்கும், கடல் காற்று உள்ளே திரும்புகிற மூன்று மணிக்கும் யார்டில் எல்லாத் தகடும்தான் சூட்டில் விரிந்து சுருங்கி 'டொக்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வடக்கு மூலையிலிருந்து வந்தால் மட்டும் பேசிக்கொண்டிருப்பவர்கள் ஒரு விநாடி வாயை மூடிக்கொள்வார்கள். மழைக்காலத்தில் அதன் துரு கரைந்து, சிவப்பாக ஒரு ஓடை யார்டைக் குறுக்கே கடந்து எழில்மொழியின் அறைப் படிவரைக்கும் வரும். அவள் காலைத் தூக்கி நாற்காலிக் கட்டையில் வைத்துக்கொண்டு எழுதுவாள்.

சாஃப்ட்வேர் வாங்கவேண்டும் என்று தொடங்கியது ராசையாவின் மகன் டென்னிஸ். அப்பாவுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு வியாபாரம் அவன் கைக்கு வந்திருந்தது. இரண்டு வருஷமாகச் சின்னச் சின்னதாகச் சரக்கு காணாமல் போய்க்கொண்டிருந்தது. தேடிப் போனால், புத்தகத்தில் ஏழு என்ற எண்ணை ஒன்று என்று யாரோ திருத்தியிருப்பார்கள். எப்போது, யார் என்று பிடிக்க முடியவில்லை.

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து காட்டினார்கள். முதலில் வந்தவர்கள் பெரிய காரில் வந்து சுவரில் படம் காட்டிவிட்டு, யார்டுக்குள் ஷூ அழுக்காகும் என்று இறங்காமலே போனார்கள். இரண்டாவது ஆட்கள் பில் போடுவதைப் பற்றி மட்டும் பேசினார்கள். மூன்றாவதாக வந்தவர் பகலவன். நாற்பது வயதைத் தாண்டிய ஒல்லியான ஆள். தோளில் லேப்டாப் பை, கையில் தண்ணீர் பாட்டில். வந்ததும் எதையும் காட்டாமல், சுருட்டிவைத்த தகட்டுக் காயில் ஒன்றின்மேல் உட்கார்ந்து அரை நாள் முழுக்க லாரி வருவதையும் ஏற்றுவதையும் எழில்மொழி கேட் பாஸ் எழுதுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தார்.

டென்னிஸ் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டான். "எழுதினதை அப்புறமா யாராவது அழிக்க முடியுமா?"

"முடியாது சார். சேவ் பண்ணிட்டா பண்ணதுதான். தப்புன்னா மேல இன்னொரு வரி எழுதலாம். பழைய வரி அடியிலயே இருக்கும். யார் எழுதினது, எத்தனை மணிக்குன்னு சேர்ந்தே இருக்கும்."

"நான் நெனச்சா?"

"நீங்க நெனச்சாலும் முடியாது."

டென்னிஸுக்கு அது பிடித்துப்போயிற்று. அந்த வாரமே முன்பணம் கொடுத்தான்.

அதன்பிறகு எழில்மொழிக்கு மூன்று மாதம் மூச்சுவிட நேரமில்லை. யார்டில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பெயர் இருந்தது. பில்லில் இருபது எம்.எம். பிளேட் என்பதை லோடுமேன்கள் ஆறு நூல் என்பார்கள். கிரேன் ஓட்டுகிற யாசின் பாய் கனத் தகடு என்பார். சாஃப்ட்வேருக்கு ஒரே பேர்தான் வேண்டும். அவளும் பகலவனும் எதிரெதிரே உட்கார்ந்து பெயர்களைக் குறைத்தார்கள். வெளியே மணலிப் பக்கத்துப் புகைநாற்றம் காற்றில் ஏறி இறங்கும். ஜன்னல் கட்டையைக் காலையில் துடைத்தால் மதியத்துக்குள் எண்ணூர் மின்நிலையச் சாம்பல் மறுபடி படிந்திருக்கும். பகலவன் கொண்டுவருகிற தயிர்சாதத்துக்கு அவள் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு தருவாள். அவர் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்.

இருப்பு எண்ணுகிற இரண்டு நாளும் பகலவன் தானே யார்டைச் சுற்றினார். ஒவ்வொன்றிலும் எண் ஒட்டினார். அவருக்கு எதுவும் தெரியாது; சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் அவர் கொடுத்த பட்டியலை எழில்மொழி கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே அது இருந்தது. இருபது எம்.எம். பிளேட், எண் ஒன்று. இடம்: வடக்கு மூலை.

"இது ஏன் சார் ஒண்ணாம் நம்பரு?"

"யார்டுலயே பழைய சரக்கு அதுதாம்மா. மில்லு போட்ட தேதி ஓரத்துல பெயிண்ட்ல இருக்கு. பழசு முதல்ல. வித்தாலும் பழசுதான் முதல்ல போகணும், சாஃப்ட்வேரே சொல்லும். ஏன், இது உங்க புத்தகத்துல இல்லையே?"

"இல்ல சார்."

"விட்டுப்போயிருக்கும்" என்றார் அவர்.

எடுத்துவிடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. என்ன காரணம் சொல்லி எடுப்பது? அந்த வரியைத் தட்டச்சு செய்தாள். எட்டு வருஷத்தில் முதல்முறையாக அந்தத் தகடு யார்டின் இருப்பில் சேர்ந்தது.

ஜூன் முதல் வாரம் சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கியது. இருபது எம்.எம்.முக்கு முதல் ஆர்டர் எண்ணூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையிலிருந்து வந்தது. அவள் ஆர்டரைப் போட்டதும் பிரிண்டர் கரகரவென்று ஸ்லிப்பைத் துப்பியது. ஏற்ற வேண்டியது: எண் ஒன்று, வடக்கு மூலை.

அவள் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கம்ப்யூட்டரில் 'தவிர்' என்பதை அழுத்தினாள். காரணம் கேட்டது. சேதம், துரு, அளவுக் குறை, மற்றவை என்று நான்கைக் காட்டியது. துரு என்று போட்டாள். அடுத்த தகட்டின் எண் வந்தது. இரண்டு நாள் கழித்து வேறொரு ஆர்டர். மறுபடி எண் ஒன்று, வடக்கு மூலை. மறுபடி துரு. அதற்கடுத்த நாள் மறுபடி. ஆர்டர் யாரிடமிருந்து வந்தாலும், எத்தனை தகடு கேட்டாலும் முதலில் அதுவே வந்து நின்றது. போகச் சொன்னாலும் போகாமல் வாசலில் நிற்கிற ஆளை 'இல்லை போ, இல்லை போ' என்று திருப்பியனுப்புகிற மாதிரி இருந்தது அவளுக்கு. வீட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்திருக்கும்போதும் பிரிண்டர் சத்தம் காதுக்குள் கேட்டது.

மூன்றுமுறை தவிர்த்தால் சாஃப்ட்வேர் முதலாளிக்குச் சொல்லிவிடும். டென்னிஸ் அறைக்கு வந்தான்.

"அது என்ன எழில், நம்பர் ஒண்ணு? துருன்னா வெலையக் கொறச்சு தள்ளிடலாமே. எண்ணூர்க்காரன் வாங்கிப்பான். நாளைக்கே ஏத்திடு."

கோதண்டம் செத்தபோது டென்னிஸ் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். ஆள் இறந்தது தெரியும், தகடு தெரியாது. அவள் "சரி சார்" என்றாள். சொல்வது அவன் அப்பாவின் வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு அவளே கிரேனடிக்குப் போனாள். யாசின் பாய் ஏணியில் பாதி இறங்கி வந்து தாளை வாங்கிப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாக அந்த கிரேனை ஓட்டுகிறவர். முழுக்க இறங்கி வந்து சக்கரத்துத் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்தார்.

"எயிலு, இந்த நம்பர இன்னொரு தபா எங்கிட்ட எடுத்தாராத. எம்மாந் துட்டு குடுத்தாலும் நான் அத்த தூக்க மாட்டேன்."

"சின்ன மொதலாளி சொல்லிட்டாரு பாய்."

"சொல்லட்டும். வேற ஆள வச்சுத் தூக்கட்டும். நான் வூட்டுக்குப் போறேன்."

"எங்கப்பா பண்ண தப்புக்கு நீங்க இன்னாத்துக்கு பயந்துகினு கீறீங்க?"

அவர் தாளை மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். தூரத்தில் யாரோ கட்டர் போட்டு இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டது. அது நின்ற பிறகு சொன்னார்.

"அவரு தப்பு பண்ணல கண்ணு."

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு லாரி நின்னுகினு கீது. சாயங்காலம் ஆயிட்டா பெரிய வண்டிய ரோட்ல உட மாட்டான். அண்ணாச்சி போன்ல கத்திகினு கீறாரு. உங்கப்பன் கிளாம்ப மாட்டிட்டு ஓரடி தூக்கச் சொன்னாரு. தூக்கினேன். குனிஞ்சு பாத்தாரு. கிளாம்பு பல்லு தேஞ்சு போயிருந்திச்சு, பிடி சரியா உயல. எறக்குன்னு கை காட்டினாரு. உள்ளங்கைய கீய பாக்க வச்சு, இப்டி. ரெண்டு தபா. நான் மேல குந்திகினு பளிச்சுனு பாத்தேன். அந்த நேரத்துல அண்ணாச்சி, 'தூக்குல யாசினு, என்ன வேடிக்க பாக்க'ன்னு ஒரு சவுண்டு உட்டாரு. நான் அவரு கைய உட்டுட்டு இவரு வாயக் கேட்டேன். தூக்கிட்டேன்."

"ஸ்டேஷன்ல வேற எழுதியிருக்கே."

"அண்ணாச்சி சொன்னாரு, அவங்க எயுதினாங்க, நான் கையெயுத்து போட்டேன். அப்ப எனுக்கு மூணு பொண்ணும் சின்னது. நான் உள்ள பூட்டா அதுங்க இன்னா பண்ணும்? செத்தவருக்கு இனிமே இன்னான்னு நெனச்சிட்டேன். ஆனா தெனம் மேல ஏறிக் கீய பாத்தா அந்தக் கைதான் கண்ணுல தெரியுது. எறக்கு, எறக்குன்னு."

"எட்டு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே பாய்."

"நீ தெனம் டீ வாங்கியாந்து குடுப்ப. அத்த குடிச்சிகினு எப்டிச் சொல்லுவேன், சொல்லு."

அவள் அறைக்குத் திரும்பினாள். அப்பாவை நினைத்து அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. வீட்டில் அம்மா எட்டு வருஷமாகப் பேசிவந்த பேச்செல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. குடிக்காத மனுஷன், ஒரு நாள் கவனம் பிசகி எங்களை நடுத்தெருவில் விட்டுட்டுப் போயிட்டியே என்று சோறு வைக்கும்போதெல்லாம் படத்தைப் பார்த்துத் திட்டுவாள் சொக்கம்மாள். எழில்மொழியும் உள்ளூர அதையேதான் நினைத்திருந்தாள்.

கம்ப்யூட்டர் காத்துக்கொண்டிருந்தது. எண் ஒன்று, வடக்கு மூலை. 'தவிர்' என்பதை அழுத்தினாள். காரணம் கேட்டது. இந்தமுறை 'மற்றவை' என்பதைத் தொட்டாள். எழுதுவதற்கு ஒரு கட்டம் திறந்தது. அதில் எழுதினாள்:

'இந்தத் தகடு விழுந்துதான் கோதண்டம் இறந்தார். கிளாம்ப் பல் தேய்ந்திருந்ததால் இறக்கச் சொல்லி அவர் கை காட்டினார். முதலாளி தூக்கச் சொன்னார். கிரேன் தூக்கியது.'

ஒருமுறை படித்துப் பார்த்தாள். 'கிரேன் தூக்கியது' என்ற இடத்தில் பாயின் பேரைப் போட மனம் வரவில்லை. அப்படியே சேவ் பண்ணினாள்.

அரை மணி நேரத்தில் டென்னிஸ் வந்தான். கையில் போனைத் திறந்தபடியே வைத்திருந்தான்.

"என்ன எழில் இது? இது ஸ்டாக் சாஃப்ட்வேர். போலீஸ் ஸ்டேஷன் இல்ல."

"காரணம் கேட்டுச்சு சார். எழுதினேன்."

"உங்கப்பா விஷயம் எனக்கும் கஷ்டம்தான். அதுக்குன்னு எங்கப்பாவ இப்டி... இது ஆடிட்டருக்குப் போகும், தெரியுமா? மொதல்ல இத அழி."

"அழிக்க முடியாது சார்."

அவன் பகலவனைப் போனில் கூப்பிட்டான். ஒலிபெருக்கியில் போட்டான். பகலவன் அந்தப் பக்கம் அந்த வரியைத் திறந்து படித்திருக்க வேண்டும். விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"சார், வேணும்னா மேல ஒரு வரி எழுதலாம். இது தப்புன்னு. உங்க பேர்ல."

"அடில இருக்கறது?"

"அது இருக்கும் சார். நீங்க வேணும்னு கேட்டதே அதுதானே." பிறகு குரல் மாறியது. "எழில்மொழி, அந்த நம்பரை ஒட்டினது நான்தாம்மா. எனக்குத் தெரியாது."

"தெரியும் சார்" என்றாள் அவள்.

டென்னிஸ் இது தப்பு என்று ஒரு வரி எழுதுவதற்காக அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். விரல் எழுத்துப் பலகைமேல் நின்றது. எழுதவில்லை. அந்த வரியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

ராசையா பத்து மணிக்கு வந்து முன்வராந்தாவில் உட்காருவார். அவருடைய நாற்காலி எப்போதும் தெற்குப் பார்த்துத்தான் இருக்கும். மகன் தாளை நீட்டினான். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறி வீட்டுக்குப் போனார். மறுநாள் வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை.

எழில்மொழி அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொக்கம்மாளுக்கு வியாபார நாள். புளியந்தோப்புக் குடிசைமாற்று வாரியக் கட்டடத்தின் கீழே, தண்ணீர்க் குழாயோரம் அவள் ஆட்டுக்குடல் கழுவி விற்பாள். விடியலில் ஆட்டுத்தொட்டி அறுப்புக்கூடத்திலிருந்து வாங்கிவந்த குடலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அலசி, உள்ளை வெளியாகத் திருப்பி, கத்தியின் மழுங்கல் பக்கத்தால் வழித்து, மஞ்சள் தடவி அடுக்குவாள். பத்தரைக்குமேல் கூட்டம் குறைந்துவிடும். அந்த நேரத்துக்கு ஒரு வெள்ளைக் கார் தெருமுனையில் நின்றது. தேவாலயத்துக்குப் போய்வந்த வெள்ளை வேட்டி சட்டையோடு ராசையா இறங்கித் தனியாக நடந்துவந்தார். மூட்டை தூக்குகிறவரைப் போல ஒவ்வொரு அடியாக வைத்தார். எழில்மொழி மூன்றாம் மாடி நடையிலிருந்து பார்த்துவிட்டுப் படியில் ஓடினாள். அவள் கீழே வந்தபோது அவர் அம்மாவின் முன்னால் நின்றிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி" என்றாள் சொக்கம்மாள், கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல். "இம்மாந் தூரம் வந்துகீறீங்க. எயிலு, அண்ணாச்சிக்கு ஒரு ஸ்டூலு எடுத்தா."

"இருக்கட்டும்மா. நான் உக்கார வரல. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எட்டு வருசத்துக்கு முந்தியே சொல்லியிருக்கணும்."

"சொல்லுங்க."

"கோதண்டம் எறக்கத்தான் சொன்னான். தூக்கச் சொல்லல. நாந்தான் தூக்கச் சொன்னேன். லாரி நின்னுபோவுமேன்னு அவசரம். பொறவு போலீஸ்ல மாத்திச் சொன்னதும் நாந்தான். யாசின் பாவம், நான் சொன்னதுக்குக் கையெழுத்து போட்டான். கிளாம்பு தேஞ்சிருக்குன்னு கோதண்டம் அதுக்கு முந்தியே ரெண்டு மட்டம் எங்கிட்ட சொல்லியிருந்தான். மாத்துவோம் மாத்துவோம்னு நாள கடத்திட்டேன்."

கடைசியாக அவர் சொன்னது எழில்மொழிக்கே தெரியாதது. யாசினுக்கும் தெரிந்திருக்காது.

சொக்கம்மாள் குடலைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். வழித்தாள். தண்ணீரில் முக்கி எடுத்தாள். அது முழுக்கச் சுத்தமாகி மஞ்சள் தடவி வைத்த பிறகுதான் தலை நிமிர்ந்தாள்.

"எறக்குன்னா சொன்னாரு?"

"ஆமா."

"ஒரு கையிலயா, ரெண்டு கையிலயா?"

ராசையா அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஒரு கை. வலக் கை."

"அதான். இன்னொரு கையால தகட்ட புடிச்சிகினு இருந்திருப்பாரு. ஆடாம." அவள் முகம் கோணியது; மறுபடி நேராயிற்று. "எட்டு வருசமா அந்தாள திட்டிகினு கீறேன் அண்ணாச்சி. சோறு வச்சா திட்டுவேன். மய பெஞ்சு வூடு ஒயுகினா திட்டுவேன். இந்தப் பொண்ணுக்கு வந்த சம்பந்தம் தட்டிப் போனா அதுக்கும் அந்தாளத்தான். இங்க கீற ஜனம்லாம், நல்ல மனுசன், இன்னா, கவனம் பத்தலன்னு சொல்லும். நானும் ஆமா ஆமான்னு தலையாட்டிகினு இருந்தேன்."

"என்னைய மன்னிச்சிரு தாயி."

அவர் குனியப் பார்த்தார். சொக்கம்மாள் ஈரக் கையை முன்னால் நீட்டித் தடுத்தாள்.

"அத்தலாம் அப்பால பாக்கலாம்." அதுவரை நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவள் அதை விட்டுவிட்டாள். "எங்க பொய் எயுதினியோ அங்க போயி நெசத்த எயுது. நானும் வரேன். என் கண்ணு முன்னாடி எயுது."

"எழுதுதேன். நாளைக்கே போவோம்." அவர் நிமிர்ந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "அந்தத் தகடு இன்னும் யார்டுலதான் கெடக்கு. அத என்ன செய்யட்டும்?"

சொக்கம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் தினமும் அதன் பக்கத்தில்தான் வேலை செய்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என்ன எதுக்கு கேக்கற? வித்துடு. இரும்பு மேல இன்னா தப்பு கீது?"

திங்கட்கிழமை காலை ராசையா, யாசின், அம்மா, மகள் நான்கு பேரும் காவல் நிலையத்தில் இருந்தார்கள். டென்னிஸ் காரைவிட்டு இறங்கவில்லை. அங்கிருந்த அதிகாரி பழைய வழக்கு எண்ணைத் தேடச் சொல்லிவிட்டு நால்வரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"முடிஞ்ச கேஸு பெரியவரே. இப்ப இத எழுதிக் குடுத்தா உங்க மேலதான் திரும்பும். இந்த வயசுல ஏன்?"

"தெரியும் சார். எழுதிக்கிடுங்க."

யாசின் தன் பங்கைத் தானே எழுதினார். 'அவர் கையை நான் பார்த்தேன்' என்று எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. வேறு தாள் கேட்டு வாங்கி முதலிலிருந்து எழுதினார். வழக்கை மறுபடி திறப்பதா என்பதை மேலேதான் முடிவு பண்ணுவார்கள், அழைத்தால் வரவேண்டும் என்று சொல்லி நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். சொக்கம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முத்திரை இருக்கிற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்து, ஈரம் காய்ந்த பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் யாசின் அவள் எதிரில் நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "போ பாய். இன்னிக்கு வேணா. இன்னிக்கு எனுக்கு ஒண்ணும் வராது. பொண்ணுங்கள கேட்டன்னு சொல்லு."

மதியம் எண்ணூர் பட்டறை லாரி வந்தது. பிரிண்டர் ஸ்லிப்பைத் துப்பியது, எழில்மொழி தவிர்க்கவில்லை. யாசின் ஏறித் தானே தூக்கினார். தகடு தரையைவிட்டு எழும்பியபோது அதன் அடியிலிருந்த மண் வெளிறி, ஈரமாக, சூரியனையே பார்க்காத நிறத்தில் இருந்தது. வெள்ளையாகச் சில வேர்கள் நெளிந்து கிடந்தன. அவள் அறை வாசலில் நின்று, லாரி கேட்டைத் தாண்டுகிறவரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். எட்டு வருஷத்தில் அவள் அதை நேராகப் பார்த்தது அதுவே முதல்தடவை. மற்ற தகடுகளைப் போலத்தான் இருந்தது. அன்று மூன்று மணிக்குக் கடல் காற்று திரும்பியபோது வடக்கு மூலைச் சத்தத்தை எதிர்பார்த்து யார்டில் எல்லோருடைய கையும் ஒரு கணம் நின்றதைக் கவனித்தாள். பிறகு கட்டர் சத்தம் மறுபடி தொடங்கியது.

டென்னிஸ் சாயங்காலம் கேட்டில் அவளைக் கடந்துபோகும்போது நின்றான். "நாளைக்கு வருவீங்கல்ல?" என்றான். அதுவரை அவளை ஒருமையில்தான் பேசியிருந்தான். அவள் தலையாட்டினாள். வருவோமா என்று அவளுக்கே அப்போது தெரிந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றாள். கையில் அந்த நகல்.

"எங்கம்மா?"

"கூட வா. இதுல இன்னா எய்தி கீதுன்னு கேட்டா படிச்சுக் காட்டு."

பக்கத்து வீட்டிலிருந்து தொடங்கினாள். கதவைத் தட்டினாள், டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர்கள் வந்தார்கள். "எம் புருசன் தப்பா கை காட்டல. எறக்குன்னுதான் காட்டியிருக்காரு. மொதலாளியே எயுதிக் குடுத்துட்டாரு. இந்தா." அவர்கள் தாளைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த கதவு. "எம் புருசன் தப்பா கை காட்டல." மூன்றாம் மாடியில் நான்கு கதவு, இரண்டாம் மாடியில் நான்கு, முதல் மாடியில் மூன்று. ஒரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு எழுந்துவந்து, "நான்கூட அப்ப ஒரு வார்த்த சொல்லிட்டேன் சொக்கம்மா" என்றார். "ஆமா, சொன்ன. அதான் வந்தேன்" என்றாள் அவள். கோபமில்லாமல் சொன்னாள். எழில்மொழி பின்னாலேயே நடந்தாள். அம்மாவின் குரல் ஒவ்வொரு வாசலிலும் ஒரே மாதிரி இருந்தது, உயரவுமில்லை, உடையவுமில்லை.

கீழ்த்தளத்தில் கடைசிக் கதவு. மூன்று மாதத்துக்கு முன்னால் குடிவந்திருந்த மாயா என்கிற பெண் அங்கே இருந்தாள். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி வந்தாள்.

"எம் புருசன் கோதண்டம் தப்பா கை காட்டல" என்றாள் சொக்கம்மாள்.

மாயா இருவரையும் பார்த்தாள். "எந்தக் கோதண்டம்க்கா? எனக்குத் தெரியலியே."

எழில்மொழி அம்மாவின் தோளைத் தொட்டாள். போகலாம் என்று சொல்ல நினைத்தாள். சொக்கம்மாள் நகரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டி, அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"தெரியாதில்ல. நீயும் குந்து. மொதல்லேர்ந்து சொல்றேன்."